மத்தியானத்தை மறுபடி நிறுவுதல்

செப்டம்பர் 24, 2024, செவ்வாய்

கூரியர்காரர் வந்தபோது என் கையெல்லாம் தோசை மாவு. என் கணவரைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து கையெழுத்துப் போட ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டார். மூக்குக் கண்ணாடி தேடி, பேனா தேடி, பெயரை முழுசாக எழுதி, கேட்காமலே தேதியும் போட்டார்.

உள்ளே ஒரு சி.டி. அதன்மேல் பச்சை மையில் 'கிறிஸ்துமஸ் பாடல்கள்' என்று எழுதியிருந்தது. கூடவே நான்காக மடித்த ஒரு தாள். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜெசிந்தா. இருபத்தொரு வருஷம் கழித்து ஜெசிந்தா.

கடிதத்தை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள மங்கை, லாரன்ஸ் அண்ணன் வீடு மாறும்போது இது கிடைத்தது. உள்ளே பாட்டு இல்லை. 2003 ஜூனில் அண்ணன் சி.டி. ரைட்டர் வாங்கியபோது, அது வேலை செய்கிறதா என்று பார்க்க என் கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே எழுதிப் பார்த்திருக்கிறார். சோதிப்பதற்காக நான் இறக்கி வைத்திருந்த நகல் அது, பிறகு அழித்துவிட்டேன். இதில் மத்தியானம் இருக்கிறது என்று அண்ணன் மகள் சொன்னாள். ஜூன் 14 வரை எல்லாம் இருக்கிறதாம். என்னால் போனதில் பாதியாவது உன்னிடம் வந்து சேரட்டும். நான் இப்போது கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. நிறுவுவது எப்போதும் உன் வேலைதானே. ஓடினால் சொல். ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். ஜெசிந்தா." கீழே போன் நம்பர்.

நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 25, புதன்

பின்னால் யாராவது இந்த டைரியைப் படித்தால் புரிய வேண்டும் என்று எழுதுகிறேன். (அவர்தான் படிப்பார். ஏங்க, படிச்சா படிச்சேன்னு சொல்லிடுங்க.)

'மத்தியானம்' என்பது ஒரு இணையதளம். 2002 ஆகஸ்டில் நானும் ஜெசிந்தாவும் தொடங்கியது. திருச்சியில் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்பு படித்தவர்கள் நாங்கள். இரண்டு பேருக்கும் முப்பது வயது ஆகவில்லை. கல்யாணமாகி வெளிநாடு போய்ப் பேச ஆளில்லாமல் இருந்த பெண்கள், உள்ளூரிலேயே பேச ஆளில்லாமல் இருந்த பெண்கள் எல்லாரும் சமையல் முடித்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வந்து எழுதிப் பேசிக்கொள்ளும் இடம். பதினான்கு மாதத்தில் முந்நூற்று நாற்பது பேர், பதினோராயிரம் பதிவுகள்.

நிரல் எழுதியது முழுக்க ஜெசிந்தா, பி.எச்.பி. மொழியில். அது சர்வரில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மொழி. வந்து பார்க்கிறவர்களுக்கு அது சமைத்துப் போட்ட பக்கம் மட்டும்தான் தெரியும், அடுப்படி தெரியாது. அவள் எழுதிக் கொடுத்ததை சர்வரில் ஏற்றுவது, நிறுவுவது, நின்றுபோனால் தட்டி எழுப்புவது எல்லாம் என் வேலை. எனக்கு ஒரு வரி நிரல் எழுத வராது. ஆனால் நிறுவுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவளே சொல்வாள்.

2003 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து எட்டரை மணிக்கு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். குப்பைப் பதிவுகளைக் கழிக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை ஓட்டினாள். பிறகு தளத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பதினோராயிரமும் போய்விட்டது. இலவச சர்வர், நகல் கிடையாது.

"முந்நூறு பேர் வாயை அடைச்சிட்டியே" என்று சொன்னேன். வேறு சிலவும் சொன்னேன். அவள் "நான்தான் ஏதோ தப்பாக் குடுத்துட்டேன்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். எழுந்து போனவள் பிறகு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. தஞ்சாவூரில் ஒரு பங்குக் கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

செப்டம்பர் 27, வெள்ளி

மகள் விட்டுப்போன லேப்டாப்பில் புது பி.எச்.பி.யை இறக்கிப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் நிறுவி முடிந்தது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. ஜெசிந்தாவின் நிரலைக் கொடுத்தேன். திரை முழுக்கப் பிழை. டேட்டாபேஸோடு பேச அந்தக் காலத்தில் அவள் எழுதிய கட்டளைகளையே புது பி.எச்.பி. தூக்கிவிட்டதாம்.

அந்தக் காலத்து நிரலுக்கு அந்தக் காலத்து பி.எச்.பி. வேண்டும். அதற்கு அந்தக் காலத்து கம்ப்யூட்டர் வேண்டும். பின் அறையில் பூப்போட்ட உறை போட்டு வைத்திருக்கிறேன். அதன்மேல் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணி இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

உறையைப் பிரித்து, துடைத்து, சுவிட்சைப் போட்டேன். உயிர் இல்லை.

சர்வீஸ் கடைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எந்த மியூசியத்துக்கு மேடம்?"

"என் வீட்டுக்குத்தான். சரி பண்ண முடியுமா முடியாதா?"

"பவர் சப்ளை போயிருக்கும். பழசு ஒண்ணு கெடக்கு, மாத்திப் பாக்கறேன். உள்ள இருக்கிறதுக்கு நான் கியாரண்டி இல்ல."

"உள்ள இருக்கிறதை நான் பாத்துக்கறேன்" என்றேன். இவர் பக்கத்தில் நின்று, ரசீதில் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 2, புதன்

ஓடுகிறது! விண்டோஸ் 98 வணக்கம் சொல்கிற அந்த இசை கேட்டதும் சமையலறையிலிருந்த இவரே ஓடி வந்துவிட்டார்.

"அடுத்து மோடம் கத்துமே" என்றார்.

மோடம் கத்தாது, தொலைபேசி இணைப்பையே எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. ஆனால் அந்தச் சத்தம் இரண்டு பேர் காதிலும் கேட்டது. நான் இணையத்தில் இருந்தால் வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடியாது. இவருடைய அக்கா மதுரையிலிருந்து மூன்று நாள் முயன்று, நாங்கள் ஊரில் இல்லை என்று முடிவு பண்ணிக் கடிதம் போட்டார். ஜெசிந்தா வந்தால் இரண்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருப்போம். அவளுக்கு இடது பக்கம், எனக்கு வலது பக்கம். மவுஸ் என்னிடம், கீபோர்டு அவளிடம்.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். கொண்டைக்கடலை சுண்டல். உப்பு கூடிவிட்டது.

அக்டோபர் 4, வெள்ளி

கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு அந்த நாளில் இலவச சி.டி. வரும். ஒன்றையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அவற்றில் ஒன்றில் பி.எச்.பி. நான்காம் பதிப்பும், பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சியும், டேட்டாபேஸும் இருந்தன. பழைய தமிழ் எழுத்துருவும் இருந்தது. அது இல்லாவிட்டால் அன்றைக்கு எழுதிய தமிழெல்லாம் இன்றைக்குக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

கைக்கு இன்னும் மறக்கவில்லை. பி.எச்.பி.யை சி டிரைவில் விரித்தேன். அமைப்புக் கோப்பை எடுத்து விண்டோஸ் ஃபோல்டரில் வைத்தேன். உதவிக் கோப்பை சிஸ்டம் ஃபோல்டரில் வைத்தேன். அப்பாச்சியை நிறுத்தி, எழுப்பி, ஜெசிந்தாவின் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

தளம் வரவில்லை. அதற்குப் பதிலாக அவளுடைய நிரல் அப்படியே திரையில் கொட்டியது. பி.எச்.பி.யை அப்பாச்சிக்கு அறிமுகம் செய்து வைக்கும் வரியை நான் போடவில்லை. அதனால் அப்பாச்சி அதை ஓட்டாமல், வெறும் எழுத்தாக எடுத்து நீட்டிவிட்டது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற தப்பு.

திருத்தத்தான் போனேன். ஆனால் அங்கங்கே நிரலுக்கு நடுவில், ஆங்கில எழுத்தில் தமிழாக அவள் தனக்கே குறிப்பு எழுதி வைத்திருந்தாள். ஓடும்போது யார் கண்ணிலும் படாத குறிப்புகள். இருபத்தொரு வருஷத்தில் நான் அவற்றைப் படித்ததே இல்லை.

"மங்கை சாப்பிடப் போயிருக்கா. வர்றதுக்குள்ள இதை முடிக்கணும்."

"இது ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியல. யாரும் தொடாதீங்க."

"இது மங்கை சொன்ன யோசனை. ரொம்ப நல்லா இருக்கு. அவகிட்ட சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிடும்."

நிறுவும் பக்கத்தின் தலையில் இப்படி ஒன்று: "இந்தப் பக்கம் பழசை எல்லாம் துடைச்சிட்டுப் புதுசாப் போடும். போட்டு முடிச்சதும் சர்வர்ல இருந்து இதை எடுத்துடு மங்கை."

எடுத்திருப்பேன்.

திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் துடைத்து, அது வேறு.

அக்டோபர் 5, சனி

அறிமுக வரியைப் போட்டேன். அமைப்புக் கோப்பில் ஒரு வரிக்கு முன்னால் இருந்த அரைப்புள்ளியை எடுக்காமல் இரண்டு மணி நேரம் வீணாயிற்று. அரைப்புள்ளி இருக்கும்வரை அந்த வரியை பி.எச்.பி. கண்டுகொள்ளாது. மதியம் மூன்றுக்கு 'பி.எச்.பி. பதிப்பு 4' என்று நீலப் பட்டை வந்தது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றார். என்ன நல்லா இருக்கு என்று அவருக்குத் தெரியாது, ஆனால் சொன்னார்.

அக்டோபர் 7, திங்கள்

மத்தியானம் வந்துவிட்டது.

மஞ்சள் பின்னணி, மேலே ஜெசிந்தா வரைந்த சாய்வு நாற்காலி. நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பதிவுகள். சாப்பாட்டை மறந்து படித்தேன். நார்வேயிலிருந்து பர்வீன், அறைச் சூடாக்கியின்மேல் துணி விரித்து வடாம் காய வைத்த கதை. மஸ்கட்டிலிருந்து ஒருத்தி, பக்கத்து வீட்டில் யாரோ கடுகு தாளிக்கிற வாசனை வந்து, மூன்று மாடி ஏறி இறங்கிக் கதவு கதவாக மோப்பம் பிடித்துத் தோழியைக் கண்டுபிடித்தது. டொராண்டோவில் முதல் பனியைப் பார்த்துப் பயந்த கற்பகவல்லிக்கு நாற்பத்தொரு பேர் தைரியம் சொன்னது. அதில் முப்பது பேர் பனியையே பார்த்ததில்லை.

என் பதிவுகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லியிருக்கிறேன். ரவை உப்புமாவிலிருந்து ஈராக் போர் வரை. அப்படி ஒருத்தி இருந்தாளா என்று எனக்கே ஆசையாக இருந்தது.

நாலு மணிக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

"ஓடுது" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது?

"நாற்காலி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. மஞ்சள்தான் கொஞ்சம் கண்ணைக் கூசுது."

"அப்பவே சொன்னேன், நீதான் மஞ்சள் வேணும்ன."

இருபதாம் தேதி ஞாயிறு வருகிறாள். குரல் அப்படியே இருக்கிறது. போனை வைப்பதற்கு முன்னால் "என்னை மன்னிச்சிட்டியா மங்கை?" என்று கேட்டாள். "அதெல்லாம் எப்பவோ" என்றேன். பெருந்தன்மையாக இருந்தது சொல்வதற்கு.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அரிவாள்மனை, தையல் மெஷின், இவருடைய ஸ்கூட்டர், அந்த நாள் போல கம்ப்யூட்டர். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். நாளைக் காலை வரை எதையும் தொடக் கூடாது. பொரியும் கடலையும் மூன்று பாத்திரம் மிச்சம்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. காலையில் எழுந்து குளித்து, பூஜையில் வைத்த பொருளை எடுத்து அவரவர் தொழிலை ஒரு தடவை செய்ய வேண்டும். இவர் ஸ்கூட்டரைத் தெருமுனை வரை ஓட்டினார். நான் தையல் மெஷினில் நாலு தையல் போட்டேன். பிறகு கம்ப்யூட்டர். அதில் என் தொழில் நிறுவுவது. அதனால் வேறெதையும் யோசிக்காமல் நிறுவும் பக்கத்தைத் திறந்து, பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன். 'நிறுவல் முடிந்தது, வாழ்த்துகள்' என்று வந்தது.

தளத்தைத் திறந்தால் பதிவு ஒன்றையும் காணோம். நாற்காலிக்குக் கீழே ஒரே ஒரு வரி.

"இன்னும் யாரும் எதுவும் எழுதவில்லை. நீங்கள் முதலில் எழுதுங்கள்."

பரவாயில்லை, சி.டி. இருக்கிறது. அரை மணி நேரத்தில் திரும்ப ஏற்றிவிட்டேன். சின்ன கோளாறுதான்.

மாலையில் கொலு எடுத்து வைக்கும் வேலை.

அக்டோபர் 13, ஞாயிறு

தலைவலி. இவரைப் பரண் மேலிருந்து பழைய டைரிப் பெட்டியை இறக்கச் சொன்னேன். "இப்ப எதுக்கு?" என்றார். சும்மா என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

2003 டைரி. அக்டோபர் 5, ஞாயிறு. என் கையெழுத்து.

"விஜயதசமி. 6.40க்கு நல்ல நேரம். கம்ப்யூட்டரைப் பூஜையிலிருந்து எடுத்து, இணையத்தில் நுழைந்து, மத்தியானத்தின் நிறுவும் பக்கத்தைத் திறந்து ஒரு அழுத்து அழுத்தினேன். நிறுவல் முடிந்தது, வாழ்த்துகள் என்று வந்தது. நல்ல சகுனம். பால் பாயசம் வைத்தேன். ஜெசி பூசை முடிந்து வருவாள்."

அதற்குக் கீழே, அதே பக்கத்தில், வேறு மையில்: "எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்."

இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடம்கூட இல்லை. இருபத்தொரு வருஷமாக ஒரே பக்கத்தில் இருந்திருக்கின்றன. அவள் வந்தபோதே தளம் காலியாகத்தான் இருந்தது. நாங்கள் முதலில் திறந்து பார்க்கவில்லை.

நான்தான். ஜெசிந்தா இல்லை. நான்தான் அழித்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

வெந்தயக் குழம்பு. மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன? பாதி கிடைத்துவிட்டது. அவளும் சந்தோஷமாக இருக்கிறாள். நானும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லியாயிற்று.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 16, புதன்

ஜெசிந்தாவே கூப்பிட்டாள். எந்த பஸ், எங்கே இறங்குவது என்று கேட்க. பேச்சு நீண்டது. அவள் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு எல்லாம் கையால் எழுதுகிறாளாம். கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள், இவள் தொடுவதில்லையாம்.

"ஏன்டி? நீ எழுதின நிரலை இன்னிக்குப் பாத்தாலும் பிரமிப்பா இருக்கு."

"இல்ல மங்கை, பயம். அந்த வாரம் மெட்ராஸ்ல ஒரு கம்பெனில இருந்து வேலைக்கு லெட்டர் வந்துச்சு, உனக்குத் தெரியாது. பேங்குக்கெல்லாம் சாஃப்ட்வேர் பண்றவங்க. முந்நூறு பேர் எழுதினதையே பத்திரமா வச்சிக்கத் தெரியல, ஊரான் கணக்குல கை வச்சா என்ன ஆகும்னு தோணுச்சு. வரலைன்னு எழுதிப் போட்டுட்டேன்."

"பஸ் ஸ்டாண்டுக்கு இவர் வருவாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

முப்பது வயதில் அவளுக்குக் கிடைத்த வேலை. அவள் போயிருப்பாள். எங்கேயோ போயிருப்பாள். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவளை நிறுத்திவிட்டது.

அக்டோபர் 18, வெள்ளி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். இவர் பேப்பரை மடித்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சொல்லிடு."

"சொன்னா அவ என் முகத்துலயே முழிக்க மாட்டா. இப்பத்தான் திரும்பிக் கிடைச்சிருக்கா."

"கிடைச்சது உன் தோழியா? நீ பண்ணதைத் தான் பண்ணதா நினைச்சிட்டிருக்கிற ஒரு அம்மாவா?" என்றார். பிறகு, "டைரியை நான் படிக்கிறதில்ல. எதுக்கும் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

படிக்கிறார்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஜெசிந்தா வந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது, மூக்குக் கண்ணாடி, அதே வேக நடை. வாசலில் என்னைப் பார்த்து, "குண்டாயிட்டடி" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். காபி போட்டேன். சொல்லவில்லை. சாப்பிட்டோம். சொல்லவில்லை.

பின் அறைக்குப் போனோம். அவள் பழக்கம் போல நாற்காலியின் இடது பாதியில் உட்கார்ந்தாள். வலது பாதி காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். அவள் கீபோர்டைத் தொடாமல், மவுஸை மட்டும் ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். பர்வீன் வடாமில் வாய்விட்டுச் சிரித்தாள். கற்பகவல்லியின் பனிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எவ்வளவு பேச்சு மங்கை! இதைப் போய் நான்..."

"நீ இல்ல ஜெசி."

2003 டைரியைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். ஆயுத பூஜை, விஜயதசமி, தொழில், பொத்தான், எல்லாவற்றையும் சொன்னேன். நீ எடுக்கச் சொன்ன பக்கத்தை நான் எடுக்கவே இல்லை என்று சொன்னேன். ஏற்கெனவே நிறுவியதை இன்னொரு தடவை நிறுவினால் ஒன்றும் ஆகாது, சாமி கும்பிடுகிற மாதிரி என்று நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது.

அவள் அந்தப் பக்கத்தை மூன்று நான்கு தடவை படித்தாள். "ஆறு நாப்பது" என்றாள். "நான் அப்ப கோயில்ல இருந்தேன்."

"ஆமா."

"அப்ப நான் இல்லையா?"

"நீ இல்ல."

"ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொல்லியிருக்கேன் மங்கை. ஃபாதருங்க மாறிட்டே இருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் சர்வர்னா என்ன, டேட்டாபேஸ்னா என்னன்னு முதல்ல இருந்து விளக்கிட்டு, அப்புறம் பாவத்தைச் சொல்லணும். ஒரு வயசான ஃபாதர் 'இதையெல்லாம் ஆண்டவர் கணக்குல எடுத்துக்க மாட்டாரும்மா'ன்னாரு. முந்நூறு பேரு எடுத்துக்கிட்டாங்களே ஃபாதர்னு அழுதேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, மெதுவாக எடுத்துக்கொண்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"அன்னைக்குப் பதிலுக்கு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். திறந்து பாத்துட்டு ஆரம்பிச்சிருக்கலாம். நான் அப்படியே என் தலைல போட்டுக்கிட்டேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஜெசி, நான் உன்கிட்ட மன்னிப்பு..."

"இப்பக் கேக்காத மங்கை. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாது."

இவர் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அக்டோபர் 21, திங்கள்

ஒன்றுமில்லை.

அக்டோபர் 23, புதன்

தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைத்து வந்தாயிற்று. போன் பக்கத்திலேயே இருக்கிறேன். நானாகக் கூப்பிடக் கூடாது. கேட்காதே என்று சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 25, வெள்ளி

மதியம் பின் அறையில் உட்கார்ந்து கடைசிப் பதிவுவரை படித்து முடித்தேன். ஜூன் 14, ஜெசிந்தா எழுதியது. மாம்பழப் பச்சடி செய்முறை. நாற்காலியின் பாதியிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பது எழுந்தபோதுதான் தெரிந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

பதினோரு மணிக்கு போன். ஜெசிந்தா.

"பூசை முடிஞ்சு இப்பத்தான் வெளிய வந்தேன்" என்றாள். பின்னால் சைக்கிள் மணிச் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டது.

"சொல்லு ஜெசி."

"ஒரு வாரமா உன்மேல கோவமா இருக்கேன்டி. காலைல எந்திரிச்சாக் கோவம். ரிஜிஸ்டர் எழுதும்போது கோவம். நேத்து சோறு வடிக்கும்போது உன்னைச் சத்தமாத் திட்டினேன். பக்கத்து வீட்டுல என்னாச்சுன்னு எட்டிப் பாத்தாங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?" என்றாள். குரல் உடைந்தது. "இத்தனை வருஷமா இது முழுக்க என்மேலயே இருந்துச்சு மங்கை."

"இருந்துக்க" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "எத்தனை நாள் வேணும்னாலும் என்மேல கோவமா இருந்துக்க ஜெசி."

"இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.